பெரிய கோயிலும் புதுக் காமிராவும்

தஞ்சைப் பெரிய கோயிலை நேரில் கண்டிராத தமிழர் பலர் இருக்கக்கூடும். அதன் படத்தைக் கண்டிராதவர் ஒருவரேனும் இருப்பாரா என்பது சந்தேகமே. மளிகைக் கடை நாட்காட்டியிலும், ஹோட்டல் சுவரிலும், நோட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் அந்த விமானம் ஓயாமல் நின்றுகொண்டிருக்கிறது. 1954-இல் வெளிவந்த ஆயிரம் ரூபாய் நோட்டில்கூட அதற்கு இடம் கிடைத்தது. இத்தனை பேர் இத்தனை தடவை எடுத்துவிட்ட ஒன்றைப் புதிதாக ஒருவர் எடுப்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது? இந்தக் கேள்வியுடன்தான் நாம் சென்ற தை மாதத்தில் கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்குப் பிரயாணமானோம்.

நம்முடன் வந்தவர்கள் இருவர். ஒருத்தி, நம்மிடம் சரித்திரம் படித்து, பிறகு கல்லூரிப் பட்டமும் பெற்றுவிட்ட இருபத்தொரு வயதுப் பெண். மற்றவர் அவளுடைய தகப்பனாரைப் பெற்ற தாயார்; நம் பக்கத்து வழக்கப்படி ‘அப்பாயி’. வயது எழுபத்தெட்டு. பெண்ணுக்குத் துணையாக அப்பாயியை அனுப்புவதாக வீட்டில் சொன்னார்கள். துணை யாருக்கு வேண்டியிருந்தது என்பது ரயிலடியிலேயே தெரிந்துபோயிற்று. பாட்டியின் வெற்றிலைப் பை, சுக்குக் காப்பிக் கூஜா, புளியோதரைத் தூக்கு ஆகிய மூன்றையும் சுமந்துகொண்டு, அதற்கு மேல் காமிராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

காமிராவின் கதை சிரிப்புக்குரியதன்று. தாயார் தம் கைவளை ஒன்றை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தது அது. தகப்பனாருக்கு அதில் சம்மதமில்லை. பெண் ஆசிரியப் பயிற்சியில் சேரவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தத் தொழிலையே செய்து பிழைக்கிற நாம் அந்த எண்ணத்தைப் பழிப்பதற்கில்லை! கடைசியில் வீட்டில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. சித்திரை பிறப்பதற்குள் அந்தப் பெட்டியால் ஒரு காசாவது சம்பாதித்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிடவேண்டும்.

இந்தச் சமயத்தில் நாட்காட்டி அச்சிடும் ஓர் அச்சகத்தாரிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அவள் அனுப்பியிருந்த குளத்துப் படிக்கட்டுப் படம் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். பெரிய கோயிலின் படம் ஒன்று எடுத்து அனுப்பினால் ஐயாயிரம் ரூபாய் தருவதாக எழுதியிருந்தார்கள். ‘நிழல் விழாத கோபுரம்’ என்பது தலைப்பு. ஆகையால் தரையில் நிழல் தெரியக்கூடாது. தெரிந்தால் கணிப்பொறியில் அழித்துவிடலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அவள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தாள். நாம் கல்லூரி நாட்களில் சுருள் போடும் காமிரா ஒன்றை வைத்துக்கொண்டு காவிரிக் கரையெல்லாம் அலைந்தவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்துப் படங்களில் நாலைந்து பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் இன்னும் மாட்டியிருக்கின்றன.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். பாபநாசம், ஐயம்பேட்டை, திட்டை என்று வண்டி நின்று நின்று போகிறது. இரு புறமும் சம்பா அறுப்பு. அரிதாள் நிற்கிற வயலில் கொக்குகள். அப்பாயி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எந்த வயலில் கண்டுமுதல் எவ்வளவு தேறும் என்று மதிப்புப் போட்டுக்கொண்டே வந்தார். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, சத்திரம் போன்ற ஒரு விடுதியில் தங்கினோம். விடிவதற்கு முன் கோயில் வாசலில் நிற்கவேண்டும் என்பது நாம் போட்ட முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை அவளுக்குப் பிடிக்கவில்லை.

“இன்றைக்கு முழுவதும் முப்பத்தாறு படங்கள்தான் எடுக்கலாம், அம்மா. ஒன்று கூடக் கூடாது” என்றோம்.

“ஸார்! இந்தக் கார்டில் இரண்டாயிரம் படம் கொள்ளுமே!”

“கொள்ளட்டும். நம் காலத்தில் ஒரு சுருளுக்கு முப்பத்தாறு. அதற்குமேல் வேண்டுமானால் கடைக்குப் போய்க் காசு கொடுக்கவேண்டும். அந்தக் காசுப் பயத்தில் நாம் கற்றுக்கொண்டதைத்தான் உனக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.”

படம் பிடிப்பதில் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கக்கூடியது மிகவும் கொஞ்சம். வெளிச்சத்தை அளப்பதையும் தூரத்தைச் சரிபார்ப்பதையும் இந்தக் காலத்துக் காமிரா தானே செய்துவிடுகிறது. பார்வை என்பதோ அவரவர் கொண்டுவந்த சொத்து. எங்கே நிற்பது, எத்தனை நேரம் நிற்பது என்ற இரண்டு விஷயங்களில் மட்டுமே மூத்தவர் வாய் திறக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

தை மாதத்து விடியற்காலை. கல்தரை காலில் பனிக்கட்டிபோல் சில்லிட்டது. மராட்டியர் கட்டிய வாசலைக் கடந்து, கேரளாந்தகன் திருவாசலையும் கடந்து, இராஜராஜன் திருவாசலில் போய் நின்றோம். பிரம்மாண்டமான துவாரபாலகர் இருவர் நிற்கும் அந்த வாசலின் நிலை ஒரு சட்டம்போல் அமைந்து, அப்பால் நந்தி மண்டபத்தையும் அதற்கும் அப்பால் விமானத்தையும் காட்டுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் இங்கே நின்று ஒரு படம் எடுக்கிறார்கள். நம் மாணவியும் கையைத் தூக்கினாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே கையை இறக்கிவிட்டாள். முப்பத்தாறு என்ற கணக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது!

கோயில் கிழக்கு நோக்கியது. சூரியன் ஆறரை மணி சுமாருக்கு எழுந்ததும் முதல் வெளிச்சம் விமானத்தின் உச்சியில் பட்டு, நிலை நிலையாகக் கீழே இறங்குகிறது. பதின்மூன்று நிலைகள்; ஏறக்குறைய 200 அடி உயரம். உச்சியிலுள்ள கல் எண்பது டன் எடையுள்ள ஒரே பாறை என்று சொல்வார்கள். அது பல கற்களை இசைத்து அமைத்தது என்று ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் இத்தகைய கருங்கல் கிடையாது. எங்கிருந்தோ கொண்டுவந்து, 1010-ஆம் ஆண்டில் கலசம் வைத்து முடித்த காரியம் இது. ஒரே பாறையாக இருந்தால்தான் அதிசயம் என்பதில்லை.

அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரியும், பின்னுக்குப் போகவேண்டும். ஆளே இல்லாமல் எடுத்தால் 200 அடி என்பது இருபது அடியாகச் சுருங்கிவிடும். காலடியில் ஒரு மனிதர் வரும்வரை காத்திருக்கவேண்டும். இவ்வளவுதான் நாம் சொன்னது. அவள் நந்தி மண்டபத்தின் ஓரத்தில் நாற்பது நிமிஷம் நின்றாள். முக்காலி நாட்டுவதற்குத் தொல்பொருள் துறையின் அனுமதி வேண்டும். ஆகையால் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பெருக்குகிற அம்மாள் ஒருவர் நீண்ட துடைப்பத்துடன் வெயிலுக்குள் நடந்து வந்தபோது ஒரு ‘க்ளிக்’ கேட்டது. அன்றைய முதல் படம். மணி ஏழு இருபது.

பிறகு அவளைத் தென்புறச் சுவருக்கு அழைத்துப் போனோம். நாம் தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தச் சுவர்தான். இந்த மாதத்தில் சூரியன் தென்கிழக்கே தள்ளி உதிக்கிறான். காலை வெயில் தென்சுவரை நேரே தாக்காமல் பக்கவாட்டில் உராய்ந்துகொண்டு போகிறது. அதிஷ்டானத்தில் வரி வரியாக வெட்டியிருக்கும் கல்வெட்டுகளைப் பார்ப்பதற்கு அதுவே நேரம். தாம் கொடுத்தவை, தம் தமக்கையார் குந்தவையார் கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசன் இராஜராஜன். நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள், அவர்கள் எந்தத் தெருவில் எந்த வரிசையில் குடியிருந்தார்கள் என்பதுகூட இந்தக் கோயிலின் கற்களில் இருக்கிறது. தன் பெயரை மட்டும் வெட்டிக்கொண்டு போகிற அரசர்களை நிறையப் பார்த்த நாட்டில், இப்படி ஒருவனும் இருந்தான்.

“ஸார், ‘ஸ்ரீ’ தெரிகிறது, ‘ராஜ’ தெரிகிறது!” என்று அந்தப் பெண் சிறு குழந்தைபோல் கூவினாள். ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் ஒரு நூல் அளவு நிழல் தங்கியிருந்தது. அந்த நிழல்தான் எழுத்து. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் அதே வரிகள் மங்கத் தொடங்கின. பத்து மணிக்கு வெறும் கல். அதற்குள் அவள் பதினோரு படங்கள் எடுத்துவிட்டாள்.

இந்தச் சுவரை முதலில் படமெடுத்தவர்களில் ஒருவரைப்பற்றி இங்கே சொல்லவேண்டும். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயக் காப்டன். சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோகிராபர். 1855-இல் தஞ்சை மராட்டிய அரசைக் கம்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். 1858-இல் காப்டன் காமிராவுடன் வந்து சேர்ந்தார். அரசைப் பறித்து மூன்று ஆண்டுகள். வடக்கே பெரும் கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. அந்தச் சமயத்தில் இவர் மாட்டு வண்டிகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சை, திருச்சி என்று ஊர் ஊராகப் படமெடுத்தார். எவருடைய உத்தரவின்பேரில் வந்தாலும், மனிதர் பொறுமைசாலி. மெழுகு ஊட்டிய பெரிய காகிதத்தில் படம் விழவேண்டும். அதற்கு நிமிஷக் கணக்கில் காமிராவைத் திறந்துவைக்கவேண்டும். அப்படி விமானத்தின் அடிச்சுவரில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாகச் செய்தார். அந்த எழுத்துகளை ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து அச்சிட்டது அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான். டிரைப்பிடம் ஐயாசாமி என்ற தமிழர் ஒருவர் உதவியாளராக இருந்தார். 1860-இல் கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், போட்டோவுக்குச் செலவழிப்பது ஆடம்பரம் என்று அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார்கள். காமிராக்காரனுக்கு எந்தக் காலத்திலும் தகப்பனார் ஒருவர் எதிரே நிற்கிறார்!

கதை கேட்டுக்கொண்டிருந்ததில் உச்சிவேளை ஆகிவிட்டது. கல்தரை சுடத் தொடங்கிற்று. அப்பாயியைக் காணோம். தேடிக்கொண்டு போனால், விமானத்துக்கு வடபுறம், சண்டேசுவரர் கோயிலுக்கு அருகில், தரையில் சௌகரியமாகக் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“இங்கே வந்து உட்காருங்கள், வாத்தியாரய்யா. தரை குளுகுளுவென்று இருக்கிறது. அங்கேயெல்லாம் கால் வைக்க முடியவில்லை.”

நாமும் உட்கார்ந்தோம். அப்பாயி வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார்.

“என்ன மகிமை பாருங்கள்! இத்தனை பெரிய கோபுரத்தின் நிழல் தரையிலே விழுவதில்லை. என் மாமியார் சொல்லுவார்கள்.”

பெண் நம்மைப் பார்த்தாள். நாம் பெண்ணைப் பார்த்தோம். தை மாதத்து உச்சியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கிறான். விமானத்தின் நிழல் அடித்தளத்தைத் தாண்டி, வடக்கே எழுபது அடிபோல நீண்டு, திருச்சுற்று மாளிகையை எட்டித் தொடப்போவதுபோல் கிடந்தது. அதன் நட்டநடுவில் அப்பாயி வீற்றிருந்தார்.

அவள் மெதுவாக எழுந்து, பின்னுக்கு நடந்து, மாளிகைத் தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காமிராவைத் தூக்கினாள். வெயிலில் வெளுத்த தரை, அதில் கூர்மையாக வெட்டியதுபோல் நிழல், அதற்குள் வெள்ளைப் புடவையில் நிம்மதியாக வெற்றிலை போடும் ஒரு பாட்டி. அன்று அவள் எடுத்தவற்றில் அது பத்தொன்பதாவது என்று பிறகு கணக்குப் பார்த்தோம்.

புளியோதரை சாப்பிடும்போது அச்சகத்தாரின் கடிதம் பேச்சில் வந்தது. வந்துதானே தீரவேண்டும்? ஐயாயிரம் ரூபாய் என்பது அந்த வீட்டில் சின்னத் தொகையன்று. அடகிலுள்ள வளையலின் வட்டியை அதில் தீர்க்கலாம். அதைவிட முக்கியம், தகப்பனாரிடம் கொண்டுபோய் வைக்கலாம்.

“நிழல் இருக்கிறதே, ஸார்.”

“இருக்கிறது.”

“தெற்கேயிருந்து எடுத்தால் தெரியாது. கோபுரமே மறைத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக் கொடுத்தால் பொய்யாகாதல்லவா?”

கேள்வி நல்ல கேள்வி. படம் பொய்யாகாது. அதன் அடியில் அச்சிடப்போகும் தலைப்பு பொய். ஆனால் தலைப்பைத் தெரிந்துகொண்டே படத்தைக் கொடுப்பவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்? நாம் இதைச் சொன்னதும் அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சரித்திரம் படித்த பெண் என்பதைக் காட்டிவிட்டாள்.

“டிரைப் துரை படத்தில் மேகத்தை வரைந்து சேர்த்தார் என்று நீங்கள்தானே ஒரு தடவை வகுப்பில் சொன்னீர்கள்? அது மட்டும் நியாயமா?”

வாஸ்தவந்தான். அந்தக் காலத்துக் காகிதத்தில் வானம் சரியாக விழாது. திட்டுத் திட்டாக வரும். அதை மறைப்பதற்காக அவர் நெகட்டிவில் வர்ணம் பூசி மேகம் உண்டாக்கியிருக்கிறார். நம்மால் முடிந்த சமாதானத்தைச் சொன்னோம். காகிதத்தால் பிடிக்க முடியாத வானத்தை அவர் கையால் நிரப்பினார். சுவரில் ஓர் எழுத்தையும் அவர் சேர்க்கவில்லை, அழிக்கவுமில்லை. அந்தச் சுவரைப் பார்க்க விரும்புகிறவனுக்கு இன்றும் அந்தப் படம் சாட்சி. மேகத்தை நம்பி எவனும் குடை எடுக்கப்போவதில்லை. இந்தச் சமாதானம் அவளுக்கு முழுவதும் திருப்தியளித்ததாகத் தெரியவில்லை. நமக்கும் அதில் ஓர் ஓரத்தில் ஓட்டை இருப்பது தெரியாமலில்லை.

அதற்குமேல் நாம் வற்புறுத்தவில்லை. பணம் நம்முடையதன்று, தவணையும் நம்முடையதன்று. ஆனால் நிழல் விஷயத்தில் கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் கடமை. அடித்தளம் ஒரு பக்கத்துக்கு 100 அடி உள்ள சதுரம். மேலே போகப் போகக் குறுகும் விமானம். சூரியன் நேர் உச்சியில் வந்தால் நிழல் தன் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். தஞ்சையில் அப்படி வருவது ஆண்டில் இரண்டு முறை: சித்திரை முதல் வாரத்தில் ஒன்று, ஆவணி இரண்டாம் வாரத்தில் ஒன்று. அதையொட்டிய நாட்களில் உச்சிவேளையில் வந்து பார்த்த எவரோ வியந்து சொன்னது ஊர்ப் பேச்சாக வளர்ந்திருக்கலாம் என்பது நம் ஊகம். இதைத் தரையில் விரலால் கோடு போட்டு விளக்கியபோது அப்பாயியும் கவனித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பகலில் உள்ளே தரிசனம். உட்சுற்றுச் சுவரில் நாயக்கர் கால ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931-இல் கோவிந்தசாமி என்ற அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் கண்டுபிடித்தார். அந்த இடத்துக்குப் பொதுமக்கள் போவதற்கில்லை. சந்நிதியில் படமெடுக்கவும் கூடாது. காமிராவைப் பையில் போட்டு மூடிவிட்டு வெறுங்கண்ணால் அரை மணி நேரம் இருந்தது அவளுக்கு நல்லதென்றே நமக்குத் தோன்றியது.

மாலை ஐந்து மணிக்குமேல் கருங்கல் தேன் நிறமாகிறது. வெளியே திரும்பி வந்தபோது முற்றம் நிறையக் குழந்தைகள். கல்லூரி மாணவர் கூட்டம் ஒன்று கைபேசிகளைத் தூக்கிப் பிடித்துத் தங்களையே எடுத்துக்கொண்டிருந்தது. நம் மாணவி விமானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதைப் பார்க்கிறவர்களின் முகங்களை எடுத்தாள். இது நாம் சொல்லிக்கொடுத்ததன்று. முப்பத்தாறில் நான்கு படங்கள் மிச்சம் வைத்துக்கொண்டே விளக்கேற்றும் நேரத்தில் வெளியே வந்தாள்.

ஊர் திரும்பிய பின் பத்து நாள் அவள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்து சொன்னாள். அச்சகத்தாருக்கு மூன்று படங்கள் அனுப்பினாளாம்: துடைப்பக்கார அம்மாளுடன் காலை விமானம், தென்சுவர்க் கல்வெட்டு, நிழலில் அப்பாயி. கூடவே ஒரு கடிதம். நிழல் விழுகிறது, ஆகையால் அந்தத் தலைப்புக்குத் தம்மால் படம் தர இயலாது என்று. பதில் வந்தது. கோபுரப் படத்தை வேறொருவரிடம் வாங்கிக்கொண்டார்களாம். கல்வெட்டுப் படத்தை மட்டும் ஒரு மாதத்துத் தாளுக்கு எடுத்துக்கொண்டு ஆயிரத்தைந்நூறு ரூபாய் அனுப்பியிருந்தார்கள்.

தகப்பனார் பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, ‘ஐயாயிரம் என்றாயே?’ என்று கேட்டாராம். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் பதில் பேசாமல் அப்பாயியின் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இதற்குச் சட்டம் போட எவ்வளவு ஆகும் என்றாராம். விண்ணப்பத்தைப்பற்றிய பேச்சு முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. சித்திரை என்ற தவணை ஆவணிக்கு மாறியிருக்கிறது.

அப்பாயியோ அந்தப் படத்தில் இருப்பது கோபுரத்தின் நிழல் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. மதிலின் நிழல் என்கிறார். தெற்கே சூரியன் இருக்க வடக்கு மதிலின் நிழல் உள்ளே எப்படி விழும் என்று பேத்தி கேட்டதற்கு, “அதெல்லாம் உன் வாத்தியாரைக் கேள்” என்று சொல்லிவிட்டாராம். சித்திரை முதல் வாரத்தில் உச்சிவேளையில் நிழல் அடிக்குள் அடங்குவதை எடுத்துவர மீண்டும் தஞ்சைக்குப் போவதாக ஏற்பாடு. தரை மிகவும் சுடும் என்று எச்சரித்தும் அப்பாயி வருவதாகவே இருக்கிறார். தூக்கில் இந்தத் தடவை எலுமிச்சஞ்சாதம்.